கதாசிரியர் தன் இடத்தைக் கண்டுபிடிக்க கேடிபி உதவுமா? ஒரு பயன்பாட்டு விமர்சனம்

எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே வெளியிட அமேசான் நடத்தும் சேவையான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் (சுருக்கமாக கேடிபி) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராயல்டியையும் விற்பனையையும்தான் அலசுகிறார்கள். இந்த விமர்சனம் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. 2007-ல் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவியோடு சேர்ந்து வந்த இந்தச் சேவையில், புத்தகத்தை ஏற்றுவதற்கு முன்னால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. மொழி, தலைப்பு, துணைத்தலைப்பு, தொடர், ஆசிரியர் பெயர், அறிமுகக் குறிப்பு, வாசகர் வயது, வகை, தேடுசொற்கள். பலரும் இதை ஐந்து நிமிடத்தில் நிரப்பித் தள்ளிவிட்டு அட்டைப்படத்துக்கு ஓடிவிடுவார்கள். ஆனால் ‘நான் என்ன மாதிரிக் கதை எழுதுகிற ஆள், என்னை யார் படிப்பார்கள்’ என்று தடுமாறிக்கொண்டிருக்கும் கதாசிரியருக்கு கேடிபியில் உருப்படியான பகுதி இதுதான். கணக்கு தொடங்கக் காசு கிடையாது. படிவத்தை நிரப்பி வரைவாகச் சேமித்துவிட்டு, எதையும் வெளியிடாமலே விட்டுவிடலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுதி முடித்த கதை எந்த அலமாரியில் போய் உட்காரும், பக்கத்தில் யார் யார் இருப்பார்கள் என்பதை கேடிபி தெளிவாகக் காட்டுகிறது. அடுத்து என்ன எழுதலாம் என்று அதனிடம் கேட்டால் ஏற்கெனவே எல்லோரும் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும். இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து, தனக்கே பிடிக்காத ஒரு தொடரின் மூன்றாம் பாகத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

ஏழு பெட்டிகள்

தேடுசொற்களுக்கு ஏழு பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 50 குறிகள் வரை இடம். ஒரு பெட்டிக்கு ஒரு சொல் என்ற கணக்கில்லை, சொற்றொடராகவே போடலாம். எதை எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு கேடிபியின் உதவிப் பக்கம் ஐந்து வழி சொல்கிறது: கதை நடக்கும் இடமும் காலமும், பாத்திரம் எப்படிப்பட்டவர், கதையில் அவர் வகிக்கும் பங்கு, கதையின் கரு, கதையின் தொனி. விற்பனைக்காகச் சொல்லப்பட்ட யோசனைதான். ஆனால் எழுத்துப் பட்டறைகளில் ‘உங்கள் குரலைக் கண்டடையுங்கள்’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதைப் பயன்படுத்தும் முறை இப்படி. எழுதி முடித்ததில் குறைந்தது ஐந்து கதைகளை எடுங்கள். நாவல்தான் வேண்டும் என்றில்லை, சிறுகதையும் சேர்த்தி, முக்கால்வாசியில் நின்றுபோன குறுநாவலும் சேர்த்தி. ஒரு தாளில் கதைக்கு ஒரு வரிசை, மேலே சொன்ன ஐந்துக்கும் ஐந்து கட்டம். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் நடுவயதுப் பெண் ஒருத்தி, காணாமல்போன தம்பியைத் தேடுகிற கதை என்று வைத்துக்கொள்வோம். இடம்: ஆள் நடமாட்டமில்லாத கடலோரம். பாத்திரம்: தனியாக வாழும் பெண். பங்கு: தொழில்முறை அல்லாத துப்பறிவாளர். கரு: குடும்பம் மூடிவைத்த ரகசியம். தொனி: மெதுவாக இறுகுவது. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சொல்லுக்கு மேல் போனால் கதைச்சுருக்கம் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அழித்துவிட்டுச் சுருக்குங்கள்.

ஐந்து வரிசையும் முடிந்ததும் நெடுக்காகப் படிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இடமும் பாத்திரத்தின் தொழிலும் கதைக்குக் கதை மாறியிருக்கும், கருவும் தொனியும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒரு கதை விண்வெளியில், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று அரண்மனையில் என்று இருந்தாலும் மூன்றிலும் யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் போனவரை மன்னிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பார். திரும்ப வருகிற அதுதான் உங்கள் முத்திரை. மாறிக்கொண்டே இருப்பது வெறும் களம். ‘நான் அறிவியல் புனைகதை எழுத்தாளர்’ என்று அட்டை மாட்டிக்கொள்வதற்கு முன்னால், திரும்ப வருவது விண்வெளியா மன்னிப்பா என்று பார்த்துவிடுவது நல்லது. மன்னிப்புதான் என்றால் விண்வெளியை விட்டுவிட்டாலும் உங்கள் வாசகர் உங்களை விடமாட்டார். விண்வெளியை மட்டும் வைத்துக்கொண்டு மன்னிப்பை விட்டால் அவருக்கு ஏதோ குறையும், என்னவென்று சொல்லத் தெரியாமல் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

தொனிக் கட்டம்தான் எல்லோரையும் திணறடிக்கும். காலியாக விடுவார்கள், இல்லாவிட்டால் ‘விறுவிறுப்பு’ என்று எழுதுவார்கள். விறுவிறுப்பு தொனி ஆகாது, அது வேகம். நக்கல், இருட்டு, ஆறுதல், பதற்றம், குறும்பு, இறுக்கம், ஏக்கம் போன்றவையே தொனி. இந்த ஒரு கட்டத்தை மட்டும் நீங்கள் நிரப்பாமல், உங்கள் கதைகளைப் படித்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் ‘இருண்ட கதை’ என்று நினைத்ததை இருவரும் ‘சிரிப்பு’ என்று எழுதினால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அபத்த நகைச்சுவை தானாக வருகிற ஆள் நீங்கள், அதை இதுவரை கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்திலும் எதுவுமே திரும்ப வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கதைகள் போதவில்லை. இன்னொன்று, ஒவ்வொரு கதையையும் அந்தந்த மாதத்தில் படித்த புத்தகத்தின் போதையில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம்: கதைக்குப் பக்கத்தில் அப்போது படித்துக்கொண்டிருந்ததை எழுதிப் பாருங்கள். அப்படித்தான் என்று தெரிந்தால், எந்தக் கதையைத் திருத்தும்போது சலிப்பு வரவில்லையோ அதை வைத்துத் தொடங்கலாம். ஒரு துறையில் பெயர் எடுக்கக் குறைந்தது மூன்று புத்தகமாவது வேண்டும். ஒன்றைத் திருத்தவே அலுத்துப்போகும் வகையில் மூன்று எழுதுவது நடக்காத காரியம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அந்த 50 என்பது நாம் எண்ணுகிற எழுத்து இல்லை, கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் முறையின் குறி. ‘து’ என்பது நமக்கு ஓரெழுத்து, கணினிக்குத் தகரம் ஒன்று, உகரக்குறி ஒன்று என இரண்டு. புள்ளியும் தனிக்குறிதான். ‘துப்பறியும் நாவல்’ என்பதில் நம் கணக்கில் 9 எழுத்து. இடைவெளியையும் சேர்த்துக் கணினி 17 என்று எண்ணும். ஆக ஒரு பெட்டியில் ஏறத்தாழ 28 தமிழ் எழுத்துதான் பிடிக்கும். நீளமான கூட்டுச்சொற்களை நம்பிப் போனால் பாதியில் வெட்டுப்படும். அதோடு, தமிழ் வாசகர்களில் கணிசமானவர்கள் தேடல் பெட்டியில் தமிழை ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஏழில் நான்கைத் தமிழ் எழுத்துக்கும், இரண்டை ரோமன் எழுத்துத் தமிழுக்கும், ஒன்றை ஆங்கில வகைப்பெயருக்கும் ஒதுக்குவது நல்ல பங்கீடு.

பெட்டிகளில் போடக் கூடாதவையும் உண்டு. வேறு எழுத்தாளரின் பெயர், கிண்டில் அன்லிமிடெட் (சந்தா கட்டி மின்னூல் வாசிக்கும் திட்டம்) போன்ற திட்டப் பெயர்கள், ‘இலவசம்’, ‘புதியது’, ‘மிகச் சிறந்த நாவல்’ போன்ற விளம்பரச் சொற்கள், இவை எல்லாம் விதிமீறல். தலைப்பில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை மறுபடி போடுவது வீண். ‘பிரபலமான இன்னார் மாதிரி’ என்று போட முடியாமல் தடுப்பது, தன் அடையாளத்தைத் தேடும் எழுத்தாளருக்கு மறைமுகமாக ஒரு நல்ல பயிற்சி. அடுத்தவர் பெயர் இல்லாமல் உங்களை விவரித்துத்தான் ஆக வேண்டும்.

வகை என்னும் அலமாரி

2023-ன் நடுப்பகுதிக்கு முன்னால், படிவத்தில் நூல்வணிகத்தின் பொதுக் குறியீடுகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுப்போம். பிறகு உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டால் பத்து வகை வரைக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். இப்போது அது இல்லை. அமேசான் கடையின் சொந்த வகைகளிலிருந்து நேரடியாக மூன்று, அவ்வளவுதான். இந்த மாற்றத்தைப் பற்றிப் புலம்பல்கள் நிறைய. அடையாளம் தேடுகிறவர் பார்வையில் இது முன்னேற்றம். பத்து வகையில் இருக்கிற புத்தகம் எதிலும் இல்லாத புத்தகம்.

மூன்றையும் தேர்வதற்கு முன் அந்தந்த வகையின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபது புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அட்டைப்படத்தில் மனிதர்களா, பொருட்களா, வெறும் எழுத்தா. தலைப்பு எத்தனை சொல். அறிமுகக் குறிப்பின் முதல் இரண்டு வரி பாத்திரத்தில் தொடங்குகிறதா, குற்றத்தில் தொடங்குகிறதா. பிறகு ஐந்து புத்தகத்துக்கு மாதிரிப் பக்கங்களை இறக்கிப் படியுங்கள். கிண்டில் நூல்களில் முதல் 10 சதவீதம் வரை இலவச மாதிரியாகக் கிடைக்கும். முதல் சம்பவம் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக மதிப்புரைகள். ஐந்து நட்சத்திரத்தில் பாராட்டும் ஒரு நட்சத்திரத்தில் கோபமும்தான் இருக்கும்; மூன்று நட்சத்திர மதிப்புரையில்தான் விஷயம் இருக்கும். ‘நன்றாக இருந்தது, ஆனால் கொலையாளி யார் என்று கடைசியில் சொல்லாமலே விட்டுவிட்டார்’ என்று ஒரு வாசகர் எழுதுகிறார் என்றால், அந்த வகையில் எந்த வாக்குறுதியை மீறக் கூடாது என்பது அங்கே எழுதியிருக்கிறது.

இப்படிப் பார்த்ததில் உங்கள் தாளில் இருக்கும் தொனியும் கருவும் அந்த வாக்குறுதியோடு மோதுகிறதா என்று பாருங்கள். முடிவைத் திறந்தே விடுவது உங்கள் இயல்பு என்றால், புதிர் அவிழ்க்கும் துப்பறியும் வகை உங்கள் அலமாரி இல்லை, எவ்வளவு விற்றாலும். உளவியல் மர்மம் என்ற பக்கத்து அலமாரியில் அதே முடிவை ரசிப்பார்கள். எழுத்தை மாற்றாமல் அலமாரியை மாற்றுவதுதான் முதலில் செய்ய வேண்டியது. எழுத்தை மாற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

மூன்று இடத்தில் ஒன்று அகலமானது, ஒன்று மிகக் குறுகியது, ஒன்று பக்கத்து அலமாரி என்று வைத்துக்கொள்வது பொதுவாகச் சரியாக வரும். போட்டி குறைவு என்பதற்காக மட்டும் ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பது பரவலான பிழை. போட்டி குறைவாக இருப்பதற்குப் பல சமயம் ஒரே காரணம், அங்கே வாசகர்கள் வருவதில்லை. அந்த வகையின் முதலிடத்துப் புத்தகம் கடையின் ஒட்டுமொத்தத் தரவரிசையில் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். வகையில் முதலிடம், மொத்தத்தில் பல லட்சத்துக்கு அப்பால் என்றால் அது காலி அறை. அங்கே கிடைக்கிற ‘பெஸ்ட் செல்லர்’ பட்டையைப் படம் பிடித்துப் போடலாம், வேறு பயனில்லை.

சிறுகதை, குறுநாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சலுகை: பக்க அளவை வைத்து அமேசான் தானாகவே குறுவாசிப்புப் பிரிவுகளில் சேர்க்கிறது. 15 நிமிடப் பிரிவு 11 பக்கம் வரை, இரண்டு மணி நேரப் பிரிவு 100 பக்கம் வரை. வகையைச் சோதித்துப் பார்க்க முழு நாவல் எழுத வேண்டியதில்லை. பத்தாயிரம் சொல்லில் ஒரு நீள்கதை போதும்.

இலக்கியப் புனைவு எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பகுதி ஏமாற்றம் தரும். அந்த அலமாரி ஒரு பெரிய கிடங்கு. தொனியிலோ வடிவத்திலோ நுட்பமான வேறுபாடு காட்டுகிற உட்பிரிவுகள் அங்கே மிகக் குறைவு. குற்றக் கதைக்கும் காதல் கதைக்கும் இருக்கும் கிளைகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கடைக்காரருக்கு இந்தப் பக்கம் அக்கறையில்லை என்பது புரியும்.

பெயர்

ஒருவருக்கு ஒரு கேடிபி கணக்குதான். ஆனால் அதே கணக்கில் எத்தனை புனைபெயரிலும் வெளியிடலாம், அது அனுமதிக்கப்பட்டது. பணத்துக்கும் வரிக்கும் கொடுக்கும் சட்டப்பெயர் புத்தகப் பக்கத்தில் தெரியாது. புனைபெயருக்காக இரண்டாவது கணக்கு திறப்பது விதிமீறல், எல்லாம் சேர்ந்து முடங்கும் அபாயமும் உண்டு. அச்சுப் பதிப்பில் இன்னொரு எச்சரிக்கை: வெளியான பிறகு தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மாற்ற முடியாது. இனிஷியலா, முழுப்பெயரா, ஊர்ப்பெயரோடா, ஒற்றெழுத்து உண்டா இல்லையா என்பதை முன்பே முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தட்டச்சு செய்யுங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஒரே ஆளின் புத்தகங்கள் இரண்டு பெயருக்குக் கீழே பிரிந்து கிடக்கும்.

இரண்டு பெயர் வேண்டுமா என்பதற்கு ஒரு கேள்வி போதும். முதல் வகைப் புத்தகத்தை ரசித்த வாசகர், அதே பெயரைப் பார்த்து இரண்டாவது வகைப் புத்தகத்தை வாங்கினால் ஏமாந்துபோனதாக நினைப்பாரா? சிறுவர் கதையும் வயது வந்தோருக்கான காமக் கதையும் என்றால் சந்தேகமே வேண்டாம், தனிப்பெயர். அகதா கிறிஸ்டி மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் 1930 முதல் 1956 வரை ஆறு நாவல்கள் வெளியிட்டார், அந்த ரகசியம் 1949-ல்தான் உடைந்தது. குற்றப் புதிரை எதிர்பார்த்து வருகிறவர் கையில் குடும்ப நாவல் போய்ச் சேராமல் இருக்க அந்தப் பெயர் பயன்பட்டது. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் இயன் பேங்க்ஸ் வேறு வழி கண்டார்: அறிவியல் புனைகதைகளுக்கு மட்டும் பெயருக்கு நடுவில் ‘எம்’ சேர்த்துக்கொண்டார். ஆள் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், எந்தப் புத்தகம் எந்த வகை என்பதும் அட்டையிலேயே தெரியும். நம் பக்கத்தில் பொறியாளர் ரங்கராஜன் மனைவி பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டு துப்பறியும் கதை, அறிவியல் புனைகதை, நாடகம், கட்டுரை அனைத்தையும் அந்த ஒரே பெயரில் எழுதினார். எந்த வகையானாலும் நடை ஒன்றாக இருந்ததால் அது செல்லுபடியானது. வகைக்கு வகை நடையே மாறுகிற எழுத்தாளருக்கு அந்த வழி ஒத்துவராது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, ஒரே பெயர். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் ‘பாலோ’ பொத்தான் பெயரோடு கட்டப்பட்டது. புதுப் புத்தகம் வந்தால் அந்தப் பெயரைத் தொடர்கிறவர்களுக்கு அமேசான் தகவல் அனுப்பும். இரண்டாவது பெயர் என்றால் பூஜ்யத்திலிருந்து மறுபடி. அதற்கான உழைப்பு இரண்டு மடங்கு என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

அறிமுகக் குறிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4000 குறி இடம் இருக்கிறது, அவ்வளவும் தேவையில்லை. ‘மேலும் படிக்க’ என்ற பொத்தானுக்கு மேலே தெரியும் சில வரியில் தொனி தெரிய வேண்டும். ஒரு சோதனை: உங்கள் குறிப்பை அதே வகையின் இன்னொரு புத்தகத்துக்கு, பாத்திரப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிப் பாருங்கள். பொருந்தினால், நீங்கள் வகையை விவரித்திருக்கிறீர்கள், உங்கள் கதையை இன்னும் தொடவில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

வெளியிட்ட பிறகு வரும் அறிக்கைகளை அடையாளத்துக்கான சோதனையாகப் பயன்படுத்தலாம், ஆனால் எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். முதல் புத்தகத்தின் விற்பனை உங்களைப் பற்றி அதிகம் சொல்லாது. அட்டைப்படம், விலை, தெரிந்தவர்கள், எல்லாம் அதில் கலந்திருக்கும். முதல் புத்தகம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதற்கு வந்தார்கள் என்பதே உங்களுக்கான ஓட்டு. முதலாவது 200 பிரதி, இரண்டாவது 110 என்றால் 55 சதவீதம் தொடர்ந்திருக்கிறார்கள். தொடர்ச்சிக் கதைக்கு இது இயல்பாகவே கூடும். தனித்தனிக் கதைகளில் இந்த விகிதம் கிடைத்தால், வாசகர் பாத்திரத்துக்காக வரவில்லை, உங்களுக்காகத்தான் வந்திருக்கிறார். இரண்டாவது புத்தகம் வந்து மூன்று மாதமாவது ஆன பிறகு கணக்கிடுங்கள், அதற்கு முன்னால் எண்கள் தள்ளாடும்.

கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் வெளியிடக் கூடாது. பதிலுக்கு, கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படித்த பக்கங்களின் எண்ணிக்கை நாள்வாரியாகக் கிடைக்கும். மொத்தப் பக்கங்களைப் புத்தகத்தின் கிண்டில் பக்க அளவால் வகுத்தால், எத்தனை முழு வாசிப்புக்குச் சமம் என்று தெரியும். எந்த இடத்தில் வாசகர் மூடிவைத்தார் என்பதை மட்டும் சொல்லாது. இந்தச் சேவையில் எழுத்தாளருக்கு மிகவும் தேவையான ஒரு தகவல் அது. அமேசானிடம் இருக்கும், நமக்குக் கிடையாது. இது பெரிய குறை.

அதே திட்டத்தில் 90 நாளுக்கு ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். விளம்பரத்துக்கு உதவலாம், உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க உதவாது. இலவசம் என்றால் எல்லா வகை வாசகரும் அள்ளுவார்கள், பலர் திறக்கவே மாட்டார்கள், திறப்பவர்களில் சிலர் தனக்குப் பிடிக்காத வகையைப் படித்துவிட்டு நட்சத்திரத்தைக் குறைப்பார்கள்.

இதைவிடச் சேதம் செய்வது, வெளியீட்டு நாளில் உறவினர், நண்பர் எல்லோரையும் வாங்கச் சொல்வது. அமேசானின் பரிந்துரை முறை, எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்த்து வாங்கப்படுகிறது என்பதை வைத்து இயங்குவது. 2003-லேயே அதன் பொறியாளர்கள் இதைக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மாமா வாங்குவது சமையல் புத்தகம், நண்பர் வாங்குவது பங்குச்சந்தை வழிகாட்டி. அவர்கள் கையில் உங்கள் மர்ம நாவலும் போனால், அது யாருக்கானது என்று இயந்திரத்துக்கு விளங்காது. முதல் ஐம்பது பிரதி அந்த வகையை வழக்கமாகப் படிக்கிறவர்களிடம் போவது, கலவையான இருநூறைவிடப் பிரயோஜனமானது. குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் மதிப்புரை எழுதுவது விதிப்படியும் கூடாது.

சரியாக வராதபோது பதற்றத்தில் அட்டை, தலைப்பு, வகை, தேடுசொல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள் உண்டு. பிறகு எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மாற்றம் கடையில் தெரியவே 72 மணி நேரம் வரை ஆகலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று நான்கு வாரம் விட்டுப் பாருங்கள். முதலில் வகை, அடுத்து தேடுசொல், அடுத்து அறிமுகக் குறிப்பு, கடைசியில் அட்டை. செலவு குறைந்ததிலிருந்து கூடியது வரை என்ற வரிசை இது, வேறு தத்துவம் ஒன்றுமில்லை.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

குற்றம், காதல், மாயப் புனைவு, அறிவியல் புனைகதை, வரலாற்றுப் புனைவு என்று ஏதோ ஒரு வகைக்குள் நின்று எழுதுகிறவருக்கும், இரண்டு வகைக்கு நடுவில் நிற்கிறோமோ என்ற சந்தேகம் உள்ளவருக்கும் இந்தப் படிவம் நல்ல கருவி. கையில் ஐந்து கதையாவது முடிந்திருக்க வேண்டும். ஒரு கதைகூட முடிக்காதவர் இதைத் திறந்தால் விற்பனைப் பட்டியலில் மயங்கி, பட்டியலுக்காக எழுத ஆரம்பித்துவிடுவார். பரிசோதனை வடிவங்களில் எழுதுகிறவருக்கு ஏழு பெட்டிப் பயிற்சி பயன்படும், வகைப் பகுதி எரிச்சலைத்தான் தரும். சிற்றிதழ் வாசகர்களிடம் அவர் தன் இடத்தை வேகமாகக் கண்டுகொள்வார். தேடுசொல் ஆராய்ச்சிக்கென்று விற்கப்படும் மூன்றாம் தரப்பு மென்பொருட்களைத் தமிழில் எழுதுகிறவர் வாங்கத் தேவையில்லை. அவை தரும் தேடல் எண்ணிக்கைகள் மதிப்பீடுகள்தான். அமேசான் தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து தட்டினால் கீழே விழும் பரிந்துரைகளே தமிழுக்குப் போதும். அதைப் பார்ப்பதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பழைய தேடல்களையே திருப்பிக் காட்டும்.

இயந்திரத்தால் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் முதல், உரையோ படமோ மொழிபெயர்ப்போ செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்றால் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிமுகக் குறிப்பைக்கூட அதனிடம் கொடுக்கிறவர்கள், முன்னே சொன்ன ஒட்டிப்பார்க்கும் சோதனையை அவசியம் செய்யட்டும். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற குறிப்பை எழுதுவதில் அது கைதேர்ந்தது.

இந்தச் சேவையை நம்பியே முழு அடையாளத்தையும் கட்டுவது ஆபத்து. கிண்டில் வெல்லா என்று தொடர்கதைகளுக்கான பிரிவு ஒன்றை அமேசான் 2021-ல் தொடங்கி 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. அதில் மட்டுமே தொடர் எழுதிப் பெயரெடுத்தவர்கள் வாசகர்களை வேறிடத்துக்குத் திரட்ட வேண்டியதாயிற்று. உங்கள் புத்தகத்தை வாங்கியவர் யார் என்பதை கேடிபி சொல்லாது, மின்னஞ்சலும் தராது. ஆகவே சொந்த மின்னஞ்சல் பட்டியல் ஒன்று முதல் புத்தகத்திலிருந்தே வேண்டும். அதற்கான இணைப்பை நன்றியுரைக்குப் பின்னால் வைத்தால் யாரும் அதுவரை வரமாட்டார்கள். கதையின் கடைசி வரிக்கு அடுத்த பக்கத்தில், இரண்டே வரியில், ‘இதே மாதிரி அடுத்த கதை வரும்போது தெரிந்துகொள்ள’ என்று போடுங்கள். ‘இதே மாதிரி’ என்ற இடத்தில் உங்கள் தொனிக் கட்டத்தில் இருக்கும் சொல்லையே எழுதலாம்.